முதலிடம் காலியாக இருந்த பட்டியல்

வீட்டின் முன்னறையை ஸ்கூட்டருக்குக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். யாரும் உட்காராத சோபாவுக்குக் கொடுத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறவர்களையும் பார்த்திருக்கிறோம். இந்தச் சரித்திரத்தின் நாயகர் தம் வீட்டு முன்னறையை ஒரு தும்பிக்குக் கொடுத்திருந்தார். பதினான்கு அடிக்குப் பத்தடி அறை. இரண்டு ஜன்னல், தெருவைப் பார்த்த கதவு. அந்த வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே இடம் அதுதான். காற்றும் வெளிச்சமும் ஆராய்ச்சிக்கு ஆகாது என்பதால் ஜன்னல் இரண்டையும் அட்டை வைத்து அடைத்திருந்தார்.

தும்பி என்பது ஒரு வீடியோ கேம். அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் ஆள் உயர மரப்பெட்டிக்குள் திரை மின்னும். டோக்கன் போட்டுவிட்டு நின்றுகொண்டே ஆட வேண்டும். அப்படிப்பட்ட ஒரு மெஷினில் நாயகர் தம் பதின்மூன்றாம் வயதில் ஆடிய ஆட்டம் இது. ஆட்டத்தின் நிஜப் பெயர் வெளிநாட்டு எழுத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. நாலு இறக்கை முளைத்த விமானம் ஒன்று பறந்து பறந்து சுட்டதால் எல்லாரும் தும்பி என்று கூப்பிட்டார்கள். பிற்பாடு கம்பெனிக்காரர்கள் அதே ஆட்டத்தை வீட்டு டிவியில் மாட்டி ஆடும்படி கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் போட்டு விற்றார்கள். டிவியோடு இணைக்கும் கன்சோல் என்ற ஆட்டப்பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று இதுவரை பதினொரு வீட்டுப் பதிப்புகள். பதினொன்றும் முன்னறையில் இருந்தன. இவற்றில் எது கடை மெஷினுக்கு ஈடானது என்று தீர்ப்புச் சொல்வதே நாயகரின் வாழ்நாள் பணி. அந்தப் பணியை யாரும் தமக்குக் கொடுக்கவில்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்த வேலை நகலெடுப்பது. பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பத்திரம், பிறப்புச் சான்று, இறப்புச் சான்று என்று காலை முதல் மாலை வரை மூடியைத் திறந்து, தாளைக் கவிழ்த்து, மூடியைச் சாத்திக்கொண்டிருப்பார். நகலால் சாப்பிட்டு, நகலால் கல்யாணம் செய்து, நகலால் வீடும் கட்டிய மனிதர். மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நகல் என்ற இனத்தையே சபிக்க ஆரம்பிப்பார். "அசல் அசல்தான்" என்பது அவர் வாயிலிருந்து மூச்சுக்கு ஒருமுறை வரும் வாக்கியம். தெருவே அவரை 'அசல்' என்றுதான் அழைத்தது. அதில் அவருக்குப் பெருமை, தெருவுக்குச் சிரிப்பு. இரு தரப்புக்கும் லாபமாக இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்னறைச் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு, பதினொரு பதிப்புகளும் தர வரிசையில் ஏறியிருந்தன. முதலிடம் காலி. இரண்டிலிருந்து தொடங்கியது பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல்லில் தீர்ப்பு. இரண்டாவதற்கு 'பரவாயில்லை.' நாலாவதற்கு 'பாவம்.' கடை மெஷினின் நிரலை உள்ளபடியே எடுத்துப் போட்டது என்று அட்டையிலேயே அச்சிட்டு வந்த புதிய பதிப்பு ஒன்பதாம் இடத்தில் இருந்தது, பக்கத்தில் 'கலப்படம்.' முதன்முதலில் வந்த பழைய கன்சோலின் மஞ்சள் கேசட்டுக்குப் பன்னிரண்டாம் இடம். அதற்கு நேரே 'அவமானம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். அதைப் பத்து நிமிஷம் ஆடிப் பார்த்ததோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகத் தொடவில்லை. தொடக் கை கூசுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு வங்கிக் காசாளரும் ஓவிய வாத்தியாரும் வந்து அந்த இருட்டறையில் உட்கார்ந்து, அசல் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போவார்கள். தும்பியின் மேல் அவர்களுக்கு இருந்த பற்றைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும், காய்கறி வாங்கிவா என்று யாரும் சொல்லாத ஒரு நாற்காலி உலகத்தில் வேறெங்கும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சரித்திரம் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அசலின் மனைவி தையற்காரி. அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலிருந்த நடையில் இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்துக் கையை விரிக்க வேண்டும். வீட்டில் யாராவது குளிக்கப் போனால், அளவு கொடுக்கிறவர் வயிற்றை எக்கி வழிவிட வேண்டும். எக்கியபோது எடுத்த அளவில் தைத்த ஜாக்கெட்டுகள் வீட்டுக்குப் போனதும் பிதுங்கும். இப்படிச் சில வாடிக்கைகள் கைவிட்டுப் போயின.

அவளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் நர்சுகளுக்கு நாற்பது கோட்டு. சரியாக வந்தால் இனி எல்லாமே அவளுக்குத்தான். ஆனால் மருத்துவமனையின் மேலாளரம்மா கறாரான ஆள். "ஃபிரிட்ஜ் பக்கத்துல வச்சு வெட்டின துணியை நாங்க போட மாட்டோம். எட்டடி மேஜை வேணும், வெளிச்சம் வேணும். வர்ற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வந்து பாப்பேன். இடம் இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை அசல் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, முன்னறையை எனக்குக் குடுங்க."

"அது அறையில்லை. அங்கே விசாரணை நடந்துட்டிருக்கு."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரெண்டு."

"கொலைக் கேஸே இதுக்குள்ள முடிஞ்சு ஆளும் வெளிய வந்திருப்பான்."

"கொலைக் கேஸ்ல இவ்வளவு நுணுக்கம் கிடையாது" என்றார் அசல், துண்டை உதறிக்கொண்டே.

அவளுடைய தம்பி அப்போது சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவன்; மாமாவை மட்டும் அசைக்க முடிந்ததில்லை.

"அப்போ அந்த விசாரணை எப்பதான் மாமா முடியும்?"

அசல் நெஞ்சை நிமிர்த்தினார். "முதலிடத்துல என்னிக்கு ஒரு பேர் ஏறுதோ, அன்னிக்கு. அசலுக்கு நிகரா ஒரே ஒரு வீட்டுப் பதிப்பைக் காட்டு மாப்ள. அன்னிக்கே அறை உங்க அக்காவோடது. மேஜையை நானே தூக்கிப் போடறேன்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் என்பதால் மறுநாள் அதை மூன்று பிரதி எடுத்து, 'உண்மை நகல்' முத்திரையும் குத்தி, ஆளுக்கொன்று கொடுத்தார். நடக்கவே நடக்காத காரியத்துக்குத்தான் மனிதர்கள் இத்தனை தாராளமாக எழுதிக் கொடுக்கிறார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் நேர்வழியில் முயன்றார்கள். ஒன்பதாம் இடத்துப் புதிய பதிப்பை மேல்முறையீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தம்பி அட்டையை வாசித்துக் காட்டினான்.

"மாமா, கடை மெஷினுக்குள்ள என்ன ஓடிச்சோ அதையே அப்படியே எடுத்துப் போட்டிருக்கோம்னு செஞ்சவனே எழுதியிருக்கான்."

"திருடன் என்னிக்கு ஒத்துக்கிட்டான்?" என்று கேட்டுவிட்டு அசல் குற்றங்களை அடுக்கினார். "திரையைப் பாரு. நெட்டையா, ஒடுங்கி, ரெண்டு பக்கமும் கறுப்பா. அசல் அகலமா இருக்கும். நான் கண்ணால பாத்தவன். கட்டம் எத்தனை? எட்டு. அசல்ல அஞ்சுதான். மிச்சம் மூணு இவனுங்க சொந்தச் சரக்கு. வண்ணத்தைப் பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி அப்பி வச்சிருக்கான். எல்லாத்துக்கும் மேல..." இங்கே குரல் தழுதழுத்தது. "அசல்ல எதிரிங்க நிறைய வந்தா தும்பி லேசா மினுங்கும். விட்டு விட்டுத் தெரியும். அதான் அதோட மூச்சு. இதுல மினுங்கவே இல்லை. பொணம் பறக்குது."

காசாளர் தலையாட்டினார். ஓவிய வாத்தியார், "மினுங்கல்லதான் ஜீவன்" என்றார். அவர் ஓவிய வாத்தியார் என்பதால் அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

"அப்போ மஞ்சள் கேசட்? அதுல மினுங்குதே?" என்றாள் மனைவி. தூசு தட்டுகிற சாக்கில் அவள் எல்லாவற்றையும் எப்போதோ ஆடிப் பார்த்திருந்தாள்.

"மினுங்குது. ஆனா தப்பா மினுங்குது."

"சரியா எப்படி மினுங்கணும்?"

"அதைப் பாத்தவனுக்குத்தான் தெரியும். அந்த மெஷினை இங்க கொண்டுவந்து வச்சா, குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். அது கிடைக்காதுங்கற தைரியத்துலதானே எல்லாரும் பேசறீங்க."

மனைவி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

வீடியோ கேம் கடை நடத்திய முதலாளி இப்போது மெத்தைக் கடை வைத்திருப்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். எழுபது வயதைத் தாண்டியிருந்த முதலாளி ஆறு மெத்தைகளை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"தும்பிப் பெட்டியா? பின்னாடி கோடவுன்ல கிடக்கு. மேல தலகாணி அடுக்கி வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்கம்மா, எனக்கும் இடம் மிச்சம்."

தம்பி தொழில் பழக்கத்தில் திருப்புளியை எடுத்துப் பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றான். பிறகு பக்கத்திலிருந்த மெத்தையில் விழுந்தான்.

பெட்டிக்குள் ஒரு பழைய டிவி இருந்தது. அதற்கடியில் மரச்சட்டத்தில் ஆணியடித்து நிறுத்திய ஒரு வீட்டுக் கன்சோல். அதன் வாயில் பிளாஸ்டர் ஒட்டி இறுக்கியிருந்தது ஒரு மஞ்சள் கேசட். பக்கத்தில் மணியோடு ஒரு டைமர்.

"என்னப்பா முழிக்கிறே?" என்றார் முதலாளி. "நிஜ மெஷின் கப்பல்ல வரணும். வரவழைக்க நான் என்ன மந்திரியா? சொந்தக்காரங்க கொண்டுவந்த வீட்டு கேம் ஒண்ணு, பழைய டிவி ஒண்ணு, தச்சர் அடிச்ச பெட்டி ஒண்ணு. டோக்கன் போட்டா டைமர் ஓடும். அஞ்சு நிமிஷத்துல மணியடிச்சுத் திரை அணைஞ்சிடும். இந்த ஊர்ல இருந்த எல்லாக் கடையிலயும் இதேதான். பசங்க வரிசையில நின்னானுங்க. ஒருத்தன்கூட உள்ள என்னன்னு கேக்கலை."

"ஒருத்தருமே சந்தேகப்படலையா ஐயா?" என்று கேட்டாள் அவள்.

"சந்தேகமா? ஒரு பையன் தினமும் வந்து கண்ணாடியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுதான் ஆடுவான்."

"அவர்தாங்க என் வீட்டுக்காரர்" என்றாள் மனைவி.

முதலாளி அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மெத்தையிலிருந்து இறங்கி, உள்ளதிலேயே நல்ல தலையணை ஒன்றை எடுத்து, "வச்சுக்கோம்மா, சும்மாதான்" என்று அவள் கையில் கொடுத்தார்.

தம்பி மெத்தையிலிருந்து துள்ளி எழுந்தான். "அக்கா, இப்பவே மாமாவுக்கு போன் போடறேன்."

"போட்டே, அப்புறம் என் வீட்டுப் பக்கம் வராதே."

"ஏன்க்கா?"

"இப்ப சொன்னா என்ன சொல்வார் தெரியுமா? நடுவுல யாரோ மாத்திட்டாங்க, இது அந்த மெஷினே இல்லைன்னுடுவார். முதல்ல அவர் ஆடட்டும். இதுதான் அசல், இதுக்கு மேல ஒண்ணு கிடையாதுன்னு நாலு பேர் முன்னாடி அவர் வாயாலயே சொல்லட்டும். அப்புறம் பின்பக்கத்தைத் தொறப்போம்." முதலாளியிடம் திரும்பினாள். "ஐயா, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"வராம? கடையைச் சாத்திட்டே வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஷின் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. மறுநாள் திங்கட்கிழமை, மேலாளரம்மா வரும் நாள். எட்டடி மேஜை மேலண்டை வீட்டு வாசலில் தயாராகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அசல் அதைக் கவனிக்கவில்லை. அவர் சலவைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, முன்னறை வாசலில் நின்றிருந்தார். மெஷின் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். சுவரோரம் நின்றிருந்த முதலாளி மேலே பார்த்தார்.

"பெரியவரே, நீங்க செஞ்ச தொண்டு சாதாரணமில்லை" என்றார் அசல்.

"ஏதோ என்னால முடிஞ்சதுப்பா" என்றார் முதலாளி. அவர் சொன்னதில் பொய் ஒரு துளியும் இல்லை.

மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டிவியை வைத்து, முன்னறையிலிருந்த மஞ்சள் கேசட்டையும் அதன் கன்சோலையும் இணைத்து, ஆட்டம் தானாகவே ஓடும்படி தம்பி விட்டான். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்துச் சொல்லுங்க மாமா. கடைசி இடத்துல இருக்கறதோட ஒப்பிட்டாதானே வித்தியாசம் பளிச்சுனு தெரியும்?"

"சரியான முறை" என்று அசல் மெச்சினார். மெச்சிவிட்டு டோக்கனைப் போட்டார். உள்ளே தகடு சாயும் சத்தம் கேட்டது. திரை எழுந்தது. அகலமான திரை. ஐந்து கட்ட ஆட்டம்.

அடுத்த ஐந்து நிமிஷங்களை ஒரு வேத விளக்கம் போலத்தான் சொல்ல வேண்டும். இடது கையால் ஜாய்ஸ்டிக்கை வளைத்துக்கொண்டே, வலது கையால் சுட்டுக்கொண்டே, வாயால் போதித்தார்.

"பாருங்க, அருவியோட நீலத்தைப் பாருங்க. பக்கத்து டிவியில அதே அருவி. நீலமா அது? துணி துவைச்ச தண்ணி. இப்போ எதிரிங்க வர்றானுங்க... இதோ! மினுங்குச்சா? மூச்சு! பக்கத்துல பாருங்க, அதுவும் மினுங்குது, ஆனா எப்படி? ஆஸ்துமாக்காரன் மாதிரி. பாட்டைக் கேளுங்க. இது பாட்டு. அது தகர டப்பா."

"ரெண்டும் எனக்கு ஒண்ணு போலத்தான் கேக்குது" என்றார் காசாளர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் சொந்தக் கருத்து அது.

"நோட்டு எண்ணி எண்ணிக் காது மரத்துப்போச்சு உங்களுக்கு."

மணி அடித்தது. திரை அணைந்தது. அசல் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அந்த மணி! வீட்டுப் பதிப்பு எதுக்காவது இந்த மணி உண்டா? நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். இதைத்தான் நான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

மனைவி கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள். "அப்போ இந்தப் பெட்டிக்குள்ள ஓடறதுதான் அசல். இதுல சந்தேகமே இல்லை?"

"சூரியன்ல சந்தேகம் உண்டா?"

"யாரும் நடுவுல மாத்தலை? நீங்க சின்ன வயசுல ஆடினது இதேதான்?"

"என் கை சொல்லுது. கை பொய் சொல்லாது."

"இதே மாதிரி, இம்மி பிசகாம, ஒரு வீட்டுப் பதிப்பு இருந்தா?"

"இருந்தா!" என்று சிரித்தார் அசல். "முதலிடம். மறுபேச்சே கிடையாது."

"வாத்தியாரே, கேட்டுக்கிட்டீங்களா?" என்றவள் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். தம்பி நாலு திருகாணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

எல்லாரும் பின்பக்கம் போய்க் குனிந்தார்கள். முன்பக்கத்தில், மெஷினுக்குப் பக்கத்து டிவியில் தும்பி தானே செத்து, தானே எழுந்து, மறுபடி செத்துக்கொண்டிருந்தது.

"இது... இதை யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றார் அசல். மனைவி தம்பியைப் பார்த்த பார்வையில் 'சொன்னேனா இல்லையா' இருந்தது.

முதலாளி முன்னால் வந்தார். "ஏம்ப்பா, ஒருதரம் அஞ்சாவது கட்டத்துல தோத்துட்டுப் பெட்டியை எட்டி உதைச்சியே, ஞாபகம் இருக்கா? உள்ள கன்சோல் விழுந்து வயர் அறுந்துச்சு. உங்க அப்பா வந்து மன்னிப்புக் கேட்டாரு. அப்ப நான் பத்தவச்ச வயர் இதான், பாரு. அப்புறமாத்தான் சட்டம் வச்சு ஆணியடிச்சேன். நீ உதைக்காம இருந்திருந்தா இந்த ஆணியே கிடையாது."

அசல் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார். மேதைகள் தோல்வியை எப்படி ஏற்கிறார்கள் என்பதற்கு இந்த இடத்தில் ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை.

"கேசட் எதுவா வேணா இருக்கட்டும்" என்றார். "இந்தப் பெட்டியில ஏறினதும் அது அசலாயிடுது. மரத்துல ஒரு நாதம் இருக்கு."

"அப்படியா மாமா?" என்ற தம்பி பெட்டிக்குள்ளிருந்த கேசட்டை உருவி, அறையிலிருந்த கேசட்டை அங்கே செருகினான். "திரும்பி நில்லுங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். பெட்டியில ஓடற கேசட் கடையோடதா, உங்களோடதான்னு மட்டும் சொல்லுங்க. அசல் எதுன்னு உங்க கைக்குத்தான் தெரியுமே."

ஆறு முறை போட்டான். ஒவ்வொரு முறையும் அசல் திரும்பி வந்து ஆடி, கண்ணை மூடிக் கேட்டு, மோந்தும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். ஆறும் தப்பு. சும்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே மூன்று முறையாவது சரியாக வந்திருக்கும். ஆறும் தப்பாகச் சொல்வதற்கு இருபத்திரண்டு வருஷப் பயிற்சி வேண்டும்.

இதற்கிடையில் காசாளருக்கு மூளை ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு கருத்துச் சொன்ன ருசி.

"ஒரு நிமிஷம் சார். இது வீட்டுப் பதிப்புன்னா, நிஜக் கடை மெஷின் ஆட்டத்தை நாம யாருமே பாத்ததில்லை. அப்போ அந்த ஒன்பதாவது இடத்துல நெட்டைத் திரையும் எட்டுக் கட்டமுமா இருக்கே... அட்டையில எழுதியிருக்கறது நிஜம். அதுதான் சார் உள்ளபடியே அசல். ஏழு வருஷமா உங்க அலமாரியில கிடக்கு. பக்கத்துல 'கலப்படம்'னு எழுதி வச்சிருக்கீங்க."

"அப்போ முதலிடம் அதுக்குத்தான்" என்றார் ஓவிய வாத்தியார்.

"ஏன்," என்றார் காசாளர், "சார் கும்பிட்டது மஞ்சள் கேசட்டை. சார் சொன்ன அளவுகோல்படி பாத்தா முதலிடம் அதுக்குத்தான்."

"அளவுகோலே தப்புன்னா?"

"அளவுகோல் தப்புன்னா இத்தனை வருஷமா நீங்க எதுக்குத் தலையாட்டினீங்க?"

"நீங்க ஆட்டினீங்கன்னு நான் ஆட்டினேன்."

இருவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டார்கள். மனைவி நடுவில் புகுந்தாள். "எது ஏறினாலும் எனக்கு ஒண்ணுதான். மேஜை எட்டடி. நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா வந்துடும்." கணவரைப் பார்த்தாள். அவள் குரல் தணிந்தது. "நீங்களே எழுதுங்க. உங்க பலகை."

அசல் சாக்குக்கட்டியை எடுத்தார். பலகைக்கு முன்னால் நின்றார். இரண்டாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடம் வரை ஒருதரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். எழுதாமலே சாக்குக்கட்டியை வைத்துவிட்டு, ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடவும் அவரால் முடியும். எழுதிக் கொடுத்த தாளில் அதற்கு இடமிருந்தது. முதலிடத்தில் ஒரு பெயரை அவரே எழுதினால்தான் அறை கைமாறும். மனைவிக்கும் அது தெரியும். அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சாவது கட்டத்தை முதல்தடவை தாண்டினப்போ," என்றார் அசல், யாரையும் பார்க்காமல், "எங்க அப்பா கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தார். அன்னிக்கு மட்டும் திட்டலை."

அப்புறம் முதலிடத்துக்கு நேரே 'மஞ்சள் கேசட்' என்று எழுதினார். பன்னிரண்டாம் இடத்திலிருந்த பெயரை அழித்தார். 'அவமானம்' என்ற சொல் மட்டும் அங்கேயே நின்றது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"மேஜையை எடு மாப்ள" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற மேஜையின் ஒரு தலைப்பை அவரேதான் தூக்கினார். நிலைக்கதவில் இடித்து, விரலை நசுக்கிக்கொண்டு, தம்பியைத் திட்டி, ஒருவழியாக உள்ளே கொண்டுவந்து போட்டார். கன்சோல்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறிப் பரணுக்குப் போயின. மெஷினை முதலாளி திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஓவிய வாத்தியார் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று சாயங்காலமே அவர் மனைவி அதைத் திருப்பி அனுப்பியதாகவும், வழியில் காசாளர் வீட்டில் இறக்கியதாகவும், அங்கேயும் நிற்கவில்லை என்றும் தகவல். தற்போதைய இருப்பிடம் தெரியவில்லை.

ஜன்னல்களில் இருந்த அட்டையை மனைவி பிய்த்தாள். முன்னறைக்குள் வெயில் வந்தது. இருபத்திரண்டு வருஷத் தூசு அதில் எழுந்து நின்றது.

மேலாளரம்மா திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து மேஜையை விரலால் தடவி, ஜன்னலைப் பார்த்து, "ம்" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் கேட்டதில்லை. துணி மதியமே வந்து இறங்கியது.

அடுத்த வாரம் முழுக்க அசலுக்கு மாலை வேளைகள் நீளமாகிவிட்டன. கடையை மூடிவிட்டு வந்து முன்னறை வாசலில் நிற்பார். உள்ளே போகக் காரணமிருக்காது. இரண்டு நாள் நின்றதைப் பார்த்துவிட்டு மனைவி ஊசியும் நூலும் ஒரு டப்பா பொத்தானும் கொடுத்து மேஜையின் ஓரத்தில் உட்கார வைத்தாள். ஒரு கோட்டுக்கு ஆறு பொத்தான். நன்றாகவே தைத்தார். இடைவெளி விஷயத்தில் கறார்.

நாற்பதும் முடிந்த அன்று, வெள்ளை வெளேரென்று மேஜை நிறைய மடித்துக் கிடந்த கோட்டுகளை அசல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன தேடறீங்க?"

"இதுல நீ முதல்ல தைச்சது எது?"

மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"எதுவா இருந்தா என்ன? எல்லாம் நம்ம வீட்டுல தைச்சதுதான். கட்டுங்க, அந்தம்மா ஆளு வாசல்ல நிக்குது."